பாலம் வந்தால் கொத்தணி உடையலாமா? கொத்தணியாக்கமும் வகைமைக் கோட்பாடும்

உப்புவெளிக்காரி

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் சனிக்கிழமை தோறும் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இலவசக் கணித வகுப்பு நடத்த முயலும் சிறு குழுவில் நானும் இருக்கிறேன். வடக்கே புல்மோட்டை தொடக்கம் தெற்கே வெருகல் வரை ஊர்களின் பட்டியல் கையில் இருக்கிறது. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் போக எத்தனை நிமிடம் என்ற அட்டவணையையும் தயாரித்துவிட்டோம். ஊர்களைக் கொத்தணிகளாகப் பிரித்து, கொத்தணிக்கு ஒரு வகுப்பு நிலையம் வைப்பதுதான் எண்ணம்.

அட்டவணை ஒன்றுதான், முறையை மாற்றினால் விடை மாறிவிடுகிறது. சராசரிப் புள்ளிகளைச் சுற்றி ஊர்களைச் சேர்க்கும் கே-மீன்ஸ் தம்பலகாமத்தை நகரத்தோடு சேர்க்கிறது. இரண்டு கூட்டங்களின் தூரத்தை மிக எட்ட உள்ள ஊர்ச் சோடியால் அளக்கும் முழு இணைப்பு முறை அதையே கந்தளாயோடு சேர்க்கிறது. மிகக் கிட்ட உள்ள சோடியால் அளக்கும் ஒற்றை இணைப்பு முறை வடக்குக் கரையோர ஊர்களை எல்லாம் ஒரே கொத்தணியாக்கி நிற்கிறது. குழுவில் ஆளுக்கொரு முறையைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். தன் ஊருக்கு வசதியான விடையைத் தரும் முறையே ஒவ்வொருவருக்கும் சரியானதாகத் தெரிகிறது.

எனக்குத் தேவையானது இன்னொரு முறை அன்று. ஒரு முறை சரியானது என்று சொல்வதற்குக் கணிதத்தில் ஏதாவது அடிப்படை இருக்கிறதா? தேற்றம் என்று சொல்லக்கூடிய ஒன்று? வகைமைக் கோட்பாட்டைக் கொண்டு இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மூதூர் ஆசிரியர்

தங்கச்சி, முதலில் 2002ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கணினி அறிவியலாளர் ஜோன் கிளைன்பேர்க் கொத்தணியாக்கத்துக்கு ஓர் இயலாமைத் தேற்றத்தை நிறுவினார். நல்ல முறை ஒன்றிடம் எவரும் எதிர்பார்க்கும் மூன்று பண்புகளை அவர் எடுத்துக்கொண்டார்.

ஒன்று, அளவு மாறினாலும் விடை மாறக்கூடாது. நிமிடத்தில் எழுதிய அட்டவணையைச் செக்கனில் எழுதினால் கொத்தணிகள் அப்படியே இருக்க வேண்டும். இரண்டு, எந்தப் பிரிப்பும் சாத்தியமாக இருக்க வேண்டும். அதாவது, புள்ளிகளை எப்படிப் பிரித்துக் காட்டினாலும், அந்தப் பிரிப்பையே விடையாகத் தரும் ஒரு தூர அட்டவணை இருக்க வேண்டும். மூன்று, ஒரே கொத்தணிக்குள் இருப்பவற்றை இன்னும் நெருக்கி, வெவ்வேறு கொத்தணிகளில் இருப்பவற்றை இன்னும் விலக்கினால், பழைய விடையே மீண்டும் வர வேண்டும்.

தனித்தனியே பார்த்தால் மூன்றையும் மறுக்க முடியாது. ஆனால் இரண்டு புள்ளிகளுக்குக் குறையாத எந்தத் தொடையிலும் மூன்றையும் சேர்த்து நிறைவேற்றும் முறை ஒன்றுகூட இல்லை. காரணம் அழகானது. முதலாம், மூன்றாம் பண்புகளை ஏற்கும் முறை தரக்கூடிய பிரிப்புகளுள் எந்த ஒன்றும் இன்னொன்றின் நுண்பிரிப்பாக, அதாவது அதையே மேலும் உடைத்துப் பெற்ற பிரிப்பாக, இருக்க முடியாது. ஆனால் எல்லாப் புள்ளிகளும் தனித்தனியே நிற்கும் பிரிப்பு, மற்ற எல்லாப் பிரிப்புகளுக்கும் நுண்பிரிப்பு. ஆகவே இரண்டாம் பண்பு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

எந்த இரண்டை வேண்டுமானாலும் பெறலாம். ஒற்றை இணைப்பு முறையை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு சோடியும் கிடைக்கும். மூன்றும் கிடைக்காது. ஆகவே உங்கள் குழுவின் சண்டைக்குக் கணிதம் தீர்ப்புச் சொல்லாது என்பதே என் முடிவு.

துறைமுக வீதி

சேர் சொல்வதோடு உடன்படுகிறேன். நிலையங்கள் எத்தனை என்று முதலில் தீர்மானியுங்கள். அதைக் கே-மீன்ஸிடம் கொடுங்கள். உலகம் முழுவதும் பயன்படுத்தும் முறை அது. பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்குவதுதான் முக்கியம்.

கிண்ணியா கரை

சேரிடம் மாறுபட வேண்டியிருக்கிறது. கிளைன்பேர்க்கின் தேற்றம் கதவை அடைக்கவில்லை. நாம் தவறான பொருளை விடையாகக் கேட்கிறோம் என்றுதான் அது சொல்கிறது. அதற்கு முன், ஒரு முறையைச் சோதிக்க எனக்கு மிக நியாயமாகப் படும் கேள்வியை எங்கள் ஊரை வைத்தே கேட்கிறேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அதற்கு முன் மிதப்புப் பாதையில் ஏறி அக்கரை போக வேண்டும்; காத்திருக்கும் நேரத்தையும் பயண நேரத்தில் சேர்க்க வேண்டும். பாலம் வந்தபின் சில ஊர்ச் சோடிகளுக்கு இடையே நேரம் குறைந்தது. எந்தச் சோடிக்கும் கூடவில்லை. இப்போது கேள்வி: பாலத்துக்கு முன்னர் ஒரே கொத்தணியில் இருந்த இரண்டு ஊர்கள், பாலம் வந்த காரணத்தால் வெவ்வேறு கொத்தணிகளுக்குப் பிரிந்து போகலாமா?

கூடாது என்றே நான் சொல்வேன். யாருக்கும் தூரம் கூடவில்லை. பிறகு ஏன் பிரிய வேண்டும்?

கே-மீன்ஸ் பிரித்துவிடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நேரான வீதி ஒன்றில் அ, ஆ, இ, ஈ என்ற நான்கு ஊர்கள். இடங்கள் முறையே 0, 4, 6, 10. இரண்டு கொத்தணி வேண்டும். ஒவ்வொரு கொத்தணியின் சராசரிப் புள்ளியிலிருந்தும் ஊர்களின் தூர வர்க்கங்களைக் கூட்டி, மொத்தம் எங்கே மிகக் குறைகிறதோ அந்தப் பிரிப்பைக் கே-மீன்ஸ் தேட வேண்டும். அஆ ஒன்று, இஈ ஒன்று என்றால் 8 + 8 = 16. அ தனியே, மற்ற மூன்றும் சேர்ந்து என்றால் ஏறத்தாழ 18.67. ஈ தனியே என்றாலும் அதே 18.67. ஆகவே அஆ, இஈ என்பதே விடை.

இப்போது வீதி திருத்தப்பட்டு இ, ஈ இரண்டும் கிட்ட வருகின்றன. புதிய இடங்கள் 0, 4, 5, 6. ஒவ்வொரு சோடியையும் சரிபாருங்கள். எந்தத் தூரமும் கூடவில்லை. பழைய பிரிப்பின் மொத்தம் 8 + 0.5 = 8.5. அ தனியே நின்றால் மொத்தம் 2. கே-மீன்ஸ் அ, ஆ இரண்டும் சேர்ந்திருந்த கொத்தணியை உடைத்துவிட்டது. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த தூரம் 4, இன்றும் 4. அவர்களுக்கிடையே எதுவுமே மாறவில்லை.

துறைமுக வீதி

அதில் என்ன பிழை? நிலையங்கள் இரண்டுதான் என்றால், புதிதாக நெருங்கி வந்தவர்களோடு ஆ சேர்வது புத்திசாலித்தனம்தானே? வளம் குறைவாக இருக்கும் இடத்தில் மறுபங்கீடு நடக்கத்தான் செய்யும்.

கிண்ணியா கரை

மறுபங்கீடு என்ற சொல்லே விடையைச் சொல்லிவிட்டது. இரண்டு நிலையங்களை எங்கே வைத்தால் பயணச் செலவு குறையும் என்பது ஒரு கேள்வி. கே-மீன்ஸ் அதற்கு ஏற்ற கருவி. அதை யாரும் பறிக்கவில்லை. எந்த ஊர்கள் தம்முள் சேர்ந்து கிடக்கின்றன என்பது வேறு கேள்வி. முதலாவது கேள்விக்கு ஊர்கள் மட்டுமன்றி உங்கள் பணப்பையும் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு ஊர்கள் மட்டுமே பதில் சொல்ல வேண்டும். உப்புவெளித் தங்கச்சியின் குழு இரண்டையும் ஒன்றாகப் போட்டு வாதாடுவதால்தான் வாதம் முடியாமல் இழுபடுகிறது என்று நினைக்கிறேன்.

உப்புவெளிக்காரி

நானா, பாலக் கேள்வி மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. வகைமைக் கோட்பாடு இதில் எங்கே வருகிறது?

கிண்ணியா கரை

பாலக் கேள்வியே வகைமைக் கோட்பாடுதான்.

1945இல் சாமுவேல் ஐலன்பேர்க்கும் சோண்டர்ஸ் மக் லேனும் இந்தக் கோட்பாட்டை முன்வைத்தபோது சொன்ன அடிப்படை இதுதான்: பொருள்களை மட்டும் பார்க்காதீர்கள், அவற்றுக்கிடையே செல்லும் அம்புகளையும் சேர்த்துப் பாருங்கள். பொருள்களும் அம்புகளும் சேர்ந்தது ஒரு வகைமை. ஒரு வகைமையின் பொருளை இன்னொரு வகைமையின் பொருளாகவும், அதன் அம்பை அங்குள்ள அம்பாகவும், தொடர்ச்சி குலையாமல் மாற்றும் விதியே ஃபங்க்டர்.

நமது விடயத்தில் ஒரு பக்கம் தூர வெளிகள். முடிவுள்ள எண்ணிக்கையிலான புள்ளிகள், ஒவ்வொரு சோடிக்கும் ஒரு தூரம், முக்கோணச் சமனிலி (இன்னோர் ஊர் வழியாகச் சுற்றிப் போனால் தூரம் குறையாது). அங்கே அம்பு என்பது தூரத்தைக் கூட்டாத சார்பு. பாலத்துக்கு முந்திய அட்டவணையிலிருந்து பிந்திய அட்டவணைக்கு, ஒவ்வோர் ஊரையும் அதே ஊருக்கு அனுப்பும் சார்பு அப்படிப்பட்ட ஓர் அம்பு. மறுபக்கம், கொத்தணிகளாகப் பிரிக்கப்பட்ட தொடைகள். அங்கே அம்பு என்பது, ஒரே கொத்தணியில் இருந்தவர்களை ஒரே கொத்தணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் சார்பு. கொத்தணிகள் சேரலாம், உடையக்கூடாது.

கொத்தணியாக்க முறை ஒன்று ஃபங்க்டராக இருக்க வேண்டும் என்று கேட்பது, பாலம் வந்தால் கொத்தணி உடையக்கூடாது என்று கேட்பதே. கூடவே, ஊர்ப் பட்டியலில் புதிய ஊர் ஒன்றைச் சேர்த்தால் பழைய கொத்தணி உடையக்கூடாது என்பதும் இதற்குள் அடங்கும். சிறிய பட்டியலிலிருந்து பெரிய பட்டியலுக்குப் போவதும் தூரத்தைக் கூட்டாத சார்புதானே.

இந்தக் கண்ணோட்டத்தைக் கொத்தணியாக்கத்துக்குக் கொண்டுவந்து முழுமையாக வளர்த்தவர்கள் குன்னர் கார்ல்சனும் ஃபக்குண்டோ மெமோலியும். 2010இலும் 2013இலும் வந்த அவர்களுடைய கட்டுரைகள்தான் இத்துறைக்கு அத்திவாரம். அவர்கள் கண்டது இதுதான்: எந்த அம்புகளை அனுமதிக்கிறோம் என்று சொன்னாலே எந்த முறைகள் மிஞ்சும் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

மூதூர் ஆசிரியர்

தீர்மானமாகிவிடுகிறது என்றால் நிறுவலைக் காட்டுங்கள் தம்பி. மாணவர்களிடம் கேட்பதையே உங்களிடமும் கேட்கிறேன்.

கிண்ணியா கரை

காட்டுகிறேன் சேர். மேற்சொன்ன எல்லா அம்புகளையும் அனுமதிப்போம். இரண்டு புள்ளிகளை ஒரு புள்ளியாக ஒடுக்கும் சார்புகளும் இதில் அடக்கம். ஒரு வாசல் தூரத்தை நிலையாக வைத்துக்கொள்வோம்; 15 நிமிடம் என்று வையுங்கள். முறைக்கு நாம் விதிக்கும் ஒரே நிபந்தனை: உலகில் இரண்டே ஊர்கள் இருந்தால், இடைத்தூரம் 15 அல்லது அதற்குக் குறைவு என்றால் சேர்க்க வேண்டும், கூடினால் பிரிக்க வேண்டும். மூன்று ஊர்களுக்கோ முந்நூறு ஊர்களுக்கோ என்ன செய்வது என்று நாம் எதுவுமே சொல்லவில்லை.

முதற்படி. பெரிய பட்டியலில் இரண்டு ஊர்கள் 15 நிமிடத்துக்குள் இருக்கின்றன. அவற்றை மட்டும் கொண்ட இருபுள்ளி உலகத்திலிருந்து பெரிய பட்டியலுக்கு ஓர் அம்பு உண்டு. அங்கே அவை சேர்ந்திருக்கின்றன. ஃபங்க்டர் ஆகையால் இங்கேயும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆகவே, ஒவ்வொரு தாவலும் 15ஐத் தாண்டாமல் ஊர்விட்டு ஊர் தாவிப் போய்ச் சேரக்கூடிய எல்லா ஊர்களும் ஒரே கொத்தணி.

இரண்டாம் படி. அப்படித் தாவிச் சேர முடியாத இரண்டு ஊர்களை எடுங்கள். முதலாவது ஊரிலிருந்து தாவிச் சேரக்கூடிய எல்லா ஊர்களையும் ஒரு புள்ளியாக ஒடுக்குங்கள். மிச்ச ஊர்கள் அனைத்தையும் இன்னொரு புள்ளியாக ஒடுக்குங்கள். இந்த இரு பகுதிகளுக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் எதுவோ அதையே இரு புள்ளிகளுக்கும் இடையிலான தூரமாக வையுங்கள். அது 15ஐவிடக் கூடியது, இல்லாவிட்டால் தாவியிருக்கலாம். இந்த ஒடுக்கலும் தூரத்தைக் கூட்டாத சார்புதான். பெரிய பட்டியலில் அந்த இரண்டு ஊர்களும் ஒரே கொத்தணியில் இருந்தால், இருபுள்ளி உலகத்திலும் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே அவை பிரிந்திருக்கின்றன. ஆகவே பெரிய பட்டியலிலும் பிரிந்தே இருக்க வேண்டும்.

முடிந்தது. எஞ்சுவது ஒற்றை இணைப்பு முறை ஒன்றே. இருபுள்ளி உலகத்துக்குள் ஓர் அம்பு போகிறது, அதிலிருந்து ஓர் அம்பு வருகிறது. இடையில் வேறெந்த முறைக்கும் இடமே இல்லை. முதன்முதலில் இந்த நிறுவலைத் தாளில் எழுதி முடித்தபோது நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஊர்களைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை, எல்லா ஊர்களையும் கட்டிப்போட்டுவிடுகிறது.

வகைமைக் கோட்பாட்டைக் கையில் எடுக்காமலே, 1971இல் ஜார்டைனும் சிப்சனும் வேறு நிபந்தனைகளிலிருந்து புறப்பட்டு ஒற்றை இணைப்பு முறையின் தனித்தன்மையைக் காட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூதூர் ஆசிரியர்

நிறுவல் சரி. குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அது கொண்டுபோய் விடும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கச்சி முதற் பதிவிலேயே சொல்லிவிட்டார், ஒற்றை இணைப்பு கரையோரத்தை ஒரே கொத்தணியாக்கிவிடுகிறது என்று. வடக்கு வீதியில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று ஊருக்குப் பின் ஊராகக் கடலோரம் நீண்டு போகிறது. ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் கிட்ட. முதலாவதும் கடைசியும் எட்ட. உங்கள் முறை உப்புவெளிப் பிள்ளையையும் குச்சவெளிப் பிள்ளையையும் ஒரே நிலையத்துக்கு அனுப்பும். சங்கிலி விளைவு என்று இதற்குப் பெயரே இருக்கிறது. ஒற்றை இணைப்பு முறையை நடைமுறையில் பலர் கைவிட்டதற்கு இதுவே காரணம். தேற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைசியில் பிள்ளை பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் நின்றுகொண்டு வரக்கூடாது.

கிண்ணியா கரை

சேரின் மறுப்பு முழுக்க நியாயமானது. அதற்கு விடை தேற்றத்தின் உள்ளேயே இருக்கிறது. நிறுவலின் இரண்டாம் படியை மறுபடி பாருங்கள். ஒடுக்கும் அம்பு இல்லாமல் அது ஓர் அடியும் நகராது. அந்த அம்பு நமக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

ஒடுக்குவது என்றால் நடைமுறையில் என்ன? ஒரே கிராம சேவகர் பிரிவில் உள்ள நான்கு குடியிருப்புகளைப் பட்டியலில் ஒரே வரியாக எழுதுவது. அப்படி எழுதினாலும் கொத்தணி உடையக்கூடாது என்று நீங்கள் வற்புறுத்தினால், ஒற்றை இணைப்பைத் தவிர வேறு வழியில்லை. குடியிருப்புகளின் எண்ணிக்கையே ஒரு செய்தி, அதை அழிக்கக்கூடாது என்று நினைத்தால், ஒன்றுக்கொன்றான சார்புகளை, அதாவது வெவ்வேறு ஊர்களை வெவ்வேறாகவே வைக்கும் சார்புகளை, மட்டும் அம்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். பாலம் வருவதும் புதிய ஊர் சேர்வதும் ஒன்றுக்கொன்றானவையே. ஆகவே நமக்கு முக்கியமான இரண்டு உறுதிகளும் அப்படியே இருக்கும். கார்ல்சனும் மெமோலியும் இந்த இரண்டாவது வகைமையில் முறைகள் ஏராளமாக இருப்பதைக் காட்டினார்கள்.

ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஊர்கள் கிட்ட இருந்தால் மட்டும் சேர்க்காதீர்கள். ஒன்றுக்கொன்று 15 நிமிடத்துக்குள் இருக்கும் மூன்று ஊர்கள், அதாவது ஒரு முக்கோணம், இருந்தால் மட்டும் அந்த மூன்றையும் சேருங்கள். முக்கோணங்கள் ஓர் ஊரையாவது பொதுவாகக் கொண்டிருந்தால் அவையும் சேரட்டும். வடக்குக் கரையை இந்த விதியால் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காக, அடுத்தடுத்த ஊர்களுக்கு இடையே 10 நிமிடம், ஒன்றுவிட்ட ஊருக்கு 20 நிமிடம் என்று வைத்தால் முக்கோணம் ஒன்றுகூட இல்லை. சங்கிலி தானாக அறுந்துவிடுகிறது. நகரத்துக்குள்ளும், கிண்ணியாவின் நெருக்கமான குடியிருப்புகளுக்குள்ளும் முக்கோணங்கள் நிறைய உண்டு; அவை கொத்தணியாக நிற்கும்.

இது ஃபங்க்டர் என்பதையும் ஒரு வரியில் சரிபார்க்கலாம். ஒன்றுக்கொன்றான, தூரத்தைக் கூட்டாத சார்பு முக்கோணத்தை முக்கோணமாகவே கொண்டுபோகும். இரண்டு முனைகளை ஒடுக்கினால் முக்கோணம் மறைந்துவிடும்; ஆகவே முந்திய வகைமையில் இது ஃபங்க்டர் ஆகாது. முக்கோணத்துக்குப் பதில் நான்கு, ஐந்து ஊர்களும் கேட்கலாம். எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறோமோ அவ்வளவு அடர்த்தியான கொத்தணிகள் மட்டும் மிஞ்சும். 1996இல் வந்த டிபிஸ்கேன் முறையும் அடர்த்தியைத்தான் தேடுகிறது. விதி வேறு, நோக்கம் அதே.

விலை என்ன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அடர்த்தி கேட்டால், ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர்கள் தனித்தனியே நின்றுவிடும். வெருகல் பக்கத்து ஊர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நிலையம் கொடுப்பதா என்பதை எந்த முறையும் தீர்மானிக்கக்கூடாது. அது உங்கள் குழு கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டியது.

சீனக்குடாப் பொறியியலாளர்

நல்ல விவாதம். உறுதிநிலை பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நிமிட அட்டவணை அளந்து பெற்றது. அளவீட்டில் வழு இருக்கும். அந்த வழு விடையில் எவ்வளவு ஊதிப் பெருகும் என்பது எங்கள் தொழிலில் முதற்கேள்வி.

அ-ஆ 10 நிமிடம், ஆ-இ 11 நிமிடம், அ-இ 20 நிமிடம் என்று வையுங்கள். முழு இணைப்பு முறை முதலில் அ, ஆ இரண்டையும் 10இல் சேர்க்கும். இ வந்து சேர்வது 20இல். சேரும் தூர அளவை உயரம் என்போம்; ஆவும் இயும் சேரும் உயரம் 20. இப்போது முதல் இரண்டு அளவுகளும் ஒரு நிமிடம் தவறிவிட்டன. அ-ஆ 11, ஆ-இ 10. உடனே ஆவும் இயும் 10இலேயே சேர்ந்துவிடுகின்றன. ஒரு நிமிட வழு, விடையில் பத்து நிமிடப் பாய்ச்சலாகிவிட்டது. பஸ் ஒரு தரிப்பிடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலே போதும்.

ஒற்றை இணைப்பில் இது நடக்காது. அங்கே இரண்டு ஊர்கள் சேரும் உயரம் என்பது, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் எல்லா வழிகளிலும், மிக நீளமான தாவல் மிகக் குறுகியதாக இருக்கும் வழியின் அந்தத் தாவல். ஒவ்வோர் அளவும் அதிகபட்சம் 5 நிமிடம் தவறினால், ஒவ்வோர் உயரமும் அதிகபட்சம் 5 நிமிடமே தவறும். புள்ளிகளின் பட்டியலே வேறுபட்டாலும் இரண்டு தூர வெளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்கும் குரோமோவ்-ஹவுஸ்டோர்ஃப் தூரத்தைக் கொண்டு இதே உறுதியைக் கார்ல்சனும் மெமோலியும் 2010இல் நிறுவியிருக்கிறார்கள்.

கணக்கிடுவதும் சுலபம். எல்லா ஊர்களையும் இணைக்கும் மிகக் குறைந்த நீள இணைப்பு மரத்தை ஒருமுறை கட்டிவிட்டால் எல்லா வாசல் தூரங்களுக்குமான விடை அதற்குள்ளேயே இருக்கிறது. 1969இல் கோவரும் ரொஸ்ஸும் இந்த உறவை எழுதினார்கள். மரம் கட்டுவதற்குக் குருஸ்கலின் 1956 வழிமுறை போதும்.

மூதூர் ஆசிரியர்

முக்கோண விதி என்னைப் பாதி வழிக்குக் கொண்டுவந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. கிளைன்பேர்க்கின் தேற்றம் பொய்யாகவில்லை அல்லவா? அவருடைய மூன்றில் எதைக் கைவிட்டீர்கள்?

கிண்ணியா கரை

வாசல் தூரம் 15 என்று நிலைநிறுத்தியபோதே முதலாவது பண்பு போய்விட்டது. நிமிடத்தைச் செக்கனாக மாற்றிவிட்டு அதே 15ஐ வைத்திருந்தால் விடை மாறும். ஆகவே தேற்றம் அப்படியே நிற்கிறது.

ஆனால் ஒரே ஒரு பிரிப்பை விடையாகக் கேட்பதை நிறுத்திப் பாருங்கள். வாசல் தூரத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போய், எந்த உயரத்தில் யார் யாரோடு சேர்கிறார்கள் என்ற முழுக் கிளைவரைபடத்தையும் விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். இப்போது நிமிடத்தைச் செக்கனாக்கினால் எல்லா உயரங்களும் 60ஆல் பெருகுகின்றன. வரைபடத்தின் உருவம் மாறவே இல்லை. அளவு மாறினால் விடையும் அதே அளவுக்கு மாற வேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை. விடை அசையவே கூடாது என்று கேட்டதால்தான் முட்டுப்பட்டோம். மூன்றாவது பண்பிலும் நெருக்குவதோடு விலக்குவதையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். ஃபங்க்டர் நெருக்குவதைப் பற்றி மட்டும் பேசுகிறது. இந்த இரண்டு மாற்றங்களோடு இயலாமைத் தேற்றம் இருந்த இடத்தில், ஒரே ஒரு முறைதான் உண்டு என்ற தேற்றம் வந்து அமர்கிறது.

சுவாமிமலைக் காற்று

இத்தனை நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்; இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிளைவரைபடம் என்பதும் ஒரு தூர வெளிதான். இரண்டு ஊர்கள் சேரும் உயரத்தையே அவற்றின் தூரமாக வைத்தால் முக்கோணச் சமனிலி இன்னும் இறுக்கமாகிறது: எந்தப் பக்கமும் மற்ற இரண்டில் பெரியதைத் தாண்டாது. இதற்கு அல்ட்ராமெட்ரிக் வெளி என்று பெயர். 1973இல் வில்லியம் லோவேர், தூர வெளியையே ஒரு வகைமையாகப் பார்க்கலாம் என்று காட்டினார். அங்கே தூரங்கள் கூட்டலால் தொடர்கின்றன. அந்தக் கூட்டலை எடுத்துவிட்டுப் பெரியதைத் தெரிவுசெய்யும் செயலை வைத்தால் அல்ட்ராமெட்ரிக் வெளி கிடைக்கிறது.

அல்ட்ராமெட்ரிக் வெளிகள் எல்லாத் தூர வெளிகளுக்கும் நடுவே ஓர் உள்வகைமையாக இருக்கின்றன. ஒரு தூர வெளியிலிருந்து அந்த உள்வகைமைக்குள் போகும் எல்லா அம்புகளும் கட்டாயமாகக் கடந்துபோக வேண்டிய ஒரு வாசல் உண்டா என்று வகைமைக் கோட்பாடு கேட்கும். உண்டு. அதை இடது இணை ஃபங்க்டர் என்கிறார்கள். ஒற்றை இணைப்பு முறைதான் அது. யாரும் வலிந்து வகுத்த செயல்முறையாக அதை நான் இப்போது பார்ப்பதில்லை. தூரம் என்ற கருத்தும் மரம் என்ற கருத்தும் சந்திக்கும் இடத்தில் அது தானாகவே இருக்கிறது.

உப்புவெளிக்காரி

எல்லோருக்கும் நன்றி. சீனக்குடா அக்காவின் ஒரு நிமிடக் கணக்கைக் குழுவில் காட்டினேன்; முழு இணைப்புக்காக வாதாடியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். முக்கோண விதியோடு கிளைவரைபடம் வரைவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும் நானா. பாலம் வந்தால் நேரம் குறைகிறது, சரி. மார்கழி மழையில் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் நேரம் கூடுகிறது. சில ஊர்களுக்குச் சுற்றுப்பாதைதான் மிஞ்சும். மழைக்காலத்துக்கு வேறு அட்டவணை, வேறு கொத்தணி என்று தனியே போக வேண்டுமா? இரண்டுக்கும் தொடர்பே இல்லாமல் போனால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

கிண்ணியா கரை

தொடர்பு உண்டு தங்கச்சி. அம்பைத் திருப்பிப் போடுங்கள். மழைக்கால அட்டவணையிலிருந்து கோடைக்கால அட்டவணைக்குப் போகும்போது எந்த நேரமும் கூடவில்லை. ஆகவே அந்தத் திசையில் அம்பு இருக்கிறது. முறை ஃபங்க்டர் என்பதால், மழைக்காலக் கொத்தணி ஒவ்வொன்றும் முழுமையாக ஏதோ ஒரு கோடைக்காலக் கொத்தணிக்குள் அடங்கும். இரண்டு கோடைக்காலக் கொத்தணிகளில் கால் வைத்து நிற்கும் மழைக்காலக் கொத்தணி ஒருபோதும் வராது. ஒற்றை இணைப்புக்கும் முக்கோண விதிக்கும் இது பொருந்தும். கே-மீன்ஸில் இந்த உறுதி இல்லை.

ஆகவே இரண்டு அட்டவணைகளையும் ஒரே வாசல் தூரத்தோடு ஓட்டுங்கள். கோடைக்காலக் கொத்தணிக்குத் தலைமை நிலையம். மழையில் அது உடைந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உப நிலையம். எந்தப் பிள்ளையும் தன் கோடைக்கால வகுப்பில் இல்லாதவர்களோடு மழைக்காலத்தில் போய்ச் சேர வேண்டி வராது. வாசல் தூரத்தை மட்டும் பருவத்துக்குப் பருவம் மாற்றாதீர்கள். மழைக்காலத்தில் அதைக் கூட்டினால் இந்த உறுதி போய்விடும்.

மூதூர் ஆசிரியர்

மூதூர்ப் பக்கத்து மழைக்கால நேரங்கள் என்னிடம் இருக்கின்றன. எந்த வீதி முதலில் மூழ்கும், எது கடைசியில் வடியும் என்று மாணவர்களைக் கொண்டே எழுதி வாங்கியது. இரவு தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன் தங்கச்சி. ஈச்சிலம்பற்று ஊர்களைத் தனி வரிகளாகவே வைத்திருங்கள். கிராம சேவகர் பிரிவாக ஒடுக்கினால் முக்கோணங்கள் மறைந்துவிடும்.